பூவா, தலையா?



திசையன்விளையில் ஒரு கல்யாண வீட்டில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கண்பாவைகள் சிவப்பாகத் தெரிகின்றன. விழித்திரையின் பின்னுள்ள இரத்த நாளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஆனால் ஒரு குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. "பூனைக்கண்" என்று பாட்டி சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் வேறாகவும் இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் நோய் இது. அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தார். ஒரு செல்லில் குறிப்பிட்ட ஜீனின் இரு பிரதிகளும் பழுதானால்தான் இந்நோய் தொடங்கும். சிலர் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கிறார்கள். மற்றொன்றும் கெட்டால் போதும். அப்படிப்பட்டவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பழுது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். முதல் தடவை தலை விழுந்தது என்பதற்காக அடுத்த தடவை பூ விழுந்தே தீரும் என்பதில்லை!

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், பாரம்பரியப் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. நல்லதே. ஆனால் நம் ஊர்க் குழந்தையை முதலில் பார்ப்பவர் யார்? தடுப்பூசி போடும் கிராமச் செவிலியர். ஜீன் பாடம் அவருக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

"வேலைச்சுமைக்கிடையில் அவருக்கு இந்தப் பாடம் எதற்கு?" என்று கேட்கலாம். பெரிய பாடம் தேவையில்லை. கண்பாவையைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நோய் என்றால் தம்பி தங்கையரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டாரிடம் பயமுறுத்தாமல் பேச வேண்டும். இவை போதும்.

மூன்றாவதுதான் கடினம். "வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள்" என்று நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்த நாள்களில் கட்டி வளரும். கண்ணும் போகலாம், உயிரும் போகலாம். பாரம்பரிய வகையிலும் பலருக்குப் பழுது புதிதாகவே தோன்றுகிறது. முன்னோரில் யாருக்கும் இருப்பதில்லை. பிறகு குடும்ப சாபம் என்பது எங்கே வந்தது?

உங்களில் சிலர் நாளை செவிலியராவீர்கள், மருத்துவராவீர்கள். பாரம்பரியப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். அதை நம்பி ஒரு குழந்தையின் பார்வை காத்திருக்கலாம்.