துணைக்கு யார்?

1960இல் சிம்பன்சிகளை ஆராய கோம்பே காட்டுக்குப் புறப்பட்டபோது ஜேன் குடாலுக்கு வயது 26. தனியே ஒரு பெண் காட்டில் தங்க அன்றைய டாங்கனிகாவின் பிரிட்டிஷ் அதிகாரிகள் இசையவில்லை. தாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் அவர் போக முடிந்தது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மாணவிகள் இன்றும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தொணைக்கு யாரு வர்றா?" காட்டுயிர் ஆய்வுக்கு ஆண் வெளிநாடு கிளம்பினால் வீடே சேர்ந்து மூட்டை கட்டித் தருகிறது. பெண் கிளம்பினால் மாமியார் மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம், கணவர் சம்மதம், ஒரு வாரத்துக்கான இட்லிமாவு எல்லாம் முடிந்த பிறகே பைனாகுலரைத் தேட வேண்டும்.

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கவும் விறகு சுமக்கவும் போகிற பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கூலிக்குப் போனால் ஆபத்தில்லாத காடு, ஆய்வுக்குப் போனால் மட்டும் ஆபத்தாகிவிடுகிறது. அப்படியானால் இவர்கள் பயப்படுவது புலிக்கல்ல, நம் படிப்புக்கு.

சென்னையைச் சேர்ந்த ஜெ. விஜயா, சுமார் 70 ஆண்டுகளாக ஆய்வாளர் கண்ணில் படாத காட்டு ஆமையை 1982இல் கேரளத்தில் கண்டுபிடித்தார். காட்டுக் குகையில் தங்கி அதை ஆராய்ந்தார். அந்த ஆமையின் பேரினப் பெயர் இன்று விஜயாசெலிஸ்.

தோழிகளே, குடும்பத்தோடு போவதில் தவறில்லை. வருகிறவர்கள் நம் மூட்டையைச் சுமக்க வரட்டும். காவலுக்கென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.