குப்பைக்குப் போகலாம், ஆய்வுக்குப் போகக் கூடாதா?

2001 ஆகஸ்ட் 9. அன்றுவரை உருவாகியிருந்த கரு ஸ்டெம் செல் வரிசைகளில் நடக்கும் ஆய்வுக்கு மட்டுமே அமெரிக்க மத்திய அரசு நிதி தரும் என்று அதிபர் புஷ் அறிவித்தார். கரு என்பது உயிர், அதை அழிக்கும் வேலைக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்பது வாதம். சரி. ஆனால், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் மிஞ்சும் கருக்களைத் தூக்கிப் போடுவதை அந்த அறிவிப்பு தடுக்கவில்லை. குப்பைக்குப் போகலாம், பார்க்கின்சன் ஆய்வுக்குப் போகக் கூடாது. இதுக்குப் பேர் அறமா?

நம்பிக்கை இருப்பது தப்பில்லை. அது கேள்விக்கு இறங்கி வராததுதான் சிக்கல். 1984இல் பிரிட்டனின் வார்னாக் குழு இறங்கி வந்து வாதாடியது. ஏறக்குறைய 14 நாள்வரை கரு பிரிந்து இரட்டையராகலாம், நரம்பும் உருவாகியிருக்காது என்பதையெல்லாம் எடைபோட்டு, அதற்குமேல் வளர்க்கக் கூடாது என்று கோடு போட்டது. குழுவுக்குள்ளேயே மறுத்தவர்கள் தங்கள் மறுப்பை எழுதி வைத்தார்கள். சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டு குளோனிங் தடைச் சட்டத்திலும் அந்த 14 நாள் இருக்கிறது.

நம்மிடையே 'கடவுள் வேலைல கை வைக்கிறாங்க' என்று ஒரே வரியில் கடையைச் சாத்துபவர்களிடம் கேட்கிறேன்: எத்தனையாவது நாளிலிருந்து உயிர்? ஏன்? பதில் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். சொல்ல முடியாதென்றால், நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவுல நிக்காதீங்க.