கிளப் போனது, பாட்டு நிலைத்தது!

ஆஸ்திரேலியாவில் ஒரு கால்பந்து உண்டு. நாம் அறிந்த கால்பந்து அல்ல, அது வேறு. பந்து முட்டை வடிவம். மைதானமும் நீள்வட்டம். கட்சிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். ஒரு கோலுக்கு 6 புள்ளி. 1859-ல் மெல்போர்ன் நகரில் இதற்கு விதிகள் எழுதப்பட்டன.

இந்த முரட்டு ஆட்டம் கவிதையையும் வளர்த்திருக்கிறது!

தொட்டிலிலேயே கட்சி

மெல்போர்னின் பிட்ஸ்ராய் பகுதியில் 1930-ல் பிறந்தவர் கவிஞர் புரூஸ் டோ. தபால்காரராகவும் கூலியாளாகவும் வேலை பார்த்தவர். 2020-ல் காலமானார். "வாழ்க்கைச் சக்கரம்" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். பிறந்த குழந்தையைக் கிளப்பின் நிறத்துணியில் சுற்றுவதில் தொடங்கி, கிழப்பருவம் வரை ரசிகர்களின் வாழ்வைச் சொல்கிறது அது. கேலியும் உண்டு, பாசமும் உண்டு.

மதம் மாறினாலும் மாறலாம், கட்சி மாறக்கூடாது! இதுவே அந்த ரசிகர்களின் எண்ணம். ஆனால், ரசிகர் மாறாவிட்டாலும் கிளப் மாறிவிட்டால்?

கடன் வந்தது

அப்படியும் நடந்தது. பணமுடையால் தவித்த சவுத் மெல்போர்ன் கிளப், 1982-ல் சிட்னி நகருக்குக் குடிபெயர்ந்தது. கவிஞர் பிறந்த பிட்ஸ்ராயின் கதை இன்னும் சோகம். 1883-ல் தோன்றிய கிளப் அது. கடன் கழுத்தை நெரித்தது. 1996 செப்டம்பர் 1-ந் தேதி கடைசி ஆட்டம் ஆடியது. பிறகு, தொலைதூரத்திலுள்ள பிரிஸ்பேன் நகரின் கிளப்போடு இணைக்கப்பட்டது.

தாத்தா, தகப்பன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகக் கைதட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். சிலர் புதிய கட்சியை ஏற்றார்கள். சிலர் மைதானத்துக்குப் போவதையே விட்டார்கள்.

மிஞ்சிய சொத்து

பிட்ஸ்ராய்க்கு ஒரு பாட்டு இருந்தது. பிரான்சு நாட்டின் தேசிய கீதம் 1792-ல் இயற்றப்பட்டது அல்லவா? அந்த மெட்டில் அமைந்த பாட்டு. இணைந்த கிளப் அந்த மெட்டை விடவில்லை. வரிகளில் ஊர்ப் பெயர் மாறியது, மெட்டு மாறவில்லை.

2024 செப்டம்பர் 28-ந் தேதி மெல்போர்ன் மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு லட்சம் பேர் கூடினார்கள். மோதியவை எவை? சிட்னியும் பிரிஸ்பேனும்! ஊரைவிட்டுப் போன இரண்டு கட்சிகளின் வாரிசுகள். 120-க்கு 60 என்ற கணக்கில் பிரிஸ்பேன் வென்றது. வென்ற கட்சி தன் பாட்டைப் பாடுவது அங்கே வழக்கம். பழைய பிட்ஸ்ராய் மெட்டு, பிறந்த நகரிலேயே மீண்டும் முழங்கியது!

யாருக்குச் சொந்தம்?

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிளப்பின் மைதானம், பெயர், கணக்குப் புத்தகம் எல்லாம் நிர்வாகிகள் கையில். கடன் வந்தால் அவை கைமாறும். ஜனங்கள் நெஞ்சில் பதிந்த பாட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது. இணைத்தவர்களும் ரசிகர்களின் மனத்தைத் தொட அந்தப் பாட்டைத்தான் நாட வேண்டியிருந்தது.

ஆனால், பாட்டு மட்டும் போதுமா? போதாது என்றார்கள் பிட்ஸ்ராய் மக்கள். 2009-ல் அமெச்சூர் போட்டியில் தங்கள் பழைய கிளப்பை மறுபடியும் களத்தில் இறக்கினார்கள். அங்கே லட்சம் பேர் கூடுவதில்லை. ஆனால், சொந்த ஊரிலே சொந்தக் கட்சி!

ஆட்டத்தை நடத்துவது பணம். அதை நாளைக்கும் நினைவில் வைத்திருப்பது பாட்டு.