வான் தூரமும் வியாபாரத் தூரமும்

"ப்ளேனில் போனால் யாழ்ப்பாணம் கிட்டத்தான்" என்று எமது கடைத்தெருவில் பலர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் கதை வேறு.

இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 330 கிலோமீற்றர். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதியோ யாழ்ப்பாணம் வரை சுமார் 325 கிலோமீற்றர்தான். கண்டியில் விமான நிலையம் இல்லை. எனவே விமானம் ஏறுவதற்கே நாம் முதலில் கொழும்புப் பக்கம் 115 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். வானில் மிச்சமாகும் நேரம் வீதியில் செலவாகிவிடும். நமது மிளகும் கராம்பும் எப்படியும் லொறியில்தான் போகும்.

ஆனால் 2006 ஆகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. புதிய சரக்கு அனுப்ப முடியாததால் எனக்கு வரவேண்டிய பழைய நிலுவையும் நின்றது. பிறகு நேரில் போய்க் கணக்கை முடிக்கப் பலாலி விமானம்தான் கைகொடுத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி வீதிகளும் அடைபட்டன.

ஆகவே, சிறிய விமான நிலையத்தின் பெறுமதியைக் கிலோமீற்றரால் அளக்க வேண்டாம். வீதி மூடப்படும் நாளில்தான் அது தெரியும். சரக்குக்கு லொறியை நம்புவோம். ஆனால் ஒரே வீதியை நம்பி முழு நிலுவையையும் ஒரே ஊரில் விட்டுவைக்காதிருப்போம்.