நட்டை முடுக்குவதும் தவக்குல்தான்



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மைத்துனரை அழைத்து வருவதற்காகச் சென்ற ஆண்டு திருச்சி விமான நிலையத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். திருவேட்டக்குடியிலிருந்து புறப்படும்போது பிள்ளைகள் பயண துஆவை உரக்க ஓதினார்கள். திரும்பும் வழியில், கும்பகோணத்தைக் கடந்த சிறிது நேரத்தில், இடது பின்சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை எழுந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. ஒரு ஸ்டட் ஒடிந்திருந்தது. மற்றொரு நட்டு விரலாலேயே சுழன்றது. மீதமிருந்த ஒற்றை நட்டின் பிடியில்தான் என் மாமியாரும் மனைவி மக்களும் அமர்ந்து வந்திருந்தார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான். ஊர் திரும்பியதும் பலரும் “எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்” என்று ஆறுதல் கூறினார்கள். தக்தீரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால், நம் அலட்சியத்தைப் போர்த்தி மறைக்கும் துணியாக அதனைப் பயன்படுத்துவது முறையன்று. இரண்டு நாள் முன்பு பஞ்சர் ஒட்டுவதற்காக அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் மீது குறை சொல்வது எளிது. அதன்பின் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காதவன் நான்தானே?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலே தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிய பின்னரே தவக்குல் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அனஸ் (ரழி) அவர்கள் வழியாகத் திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. மதரஸாவில் ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் ஹதீஸ் இது. கார் வைத்திருப்பவருக்குச் சக்கர நட்டுதான் அந்தக் கயிறு என்பது நடுச்சாலையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பழுதுபார்த்த மெக்கானிக் விளக்கியவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். நட்டை முடுக்கும்போது ஸ்டட் சுருள்வில்லைப் போல இம்மியளவு நீள்கிறது. அந்த இழுவிசையே சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. பிடி தளர்ந்தால் சக்கரம் அசையும். அசைய அசைய ஸ்டட் வளைந்து, களைத்து, ஒடியும். இடையில் துருவோ மண்ணோ இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி, முதலில் சரியாக இருந்த பிடியும் தளர்ந்துவிடும். உப்புக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களில் துருவுக்குக் குறைவில்லை. எனவே சக்கரத்தைக் கழற்றும் போதெல்லாம் ஹப்பின் முகப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் முடிந்த மட்டும் இறுக்கிவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. சிறிய கார்கள் பலவற்றிற்கு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் அளவே போதுமானது. உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 40 கிலோ எடை அழுத்தினால் கிட்டத்தட்ட 98 நியூட்டன் மீட்டர் வரும். 70 கிலோ எடையுள்ளவர் அதன்மீது ஏறி நின்றால் 170-ஐத் தாண்டும். ஸ்டட் அளவு மீறி நீண்டு வலுவிழக்கும். மரைக்கு எண்ணெய் பூசினாலும் இதே கேடுதான்: வழுக்கலால், அதே முடுக்கில் இழுவிசை கூடிவிடும். அர்ரஹ்மான் அத்தியாயம் அளவையில் மிகுதியையும் குறைவையும் ஒருசேர விலக்குவதை வணிகத் தராசுக்கு மட்டுமே உரியதாக நாம் பாடம் நடத்துகிறோம். மீஸானைப் பேணும் பண்பு ஒரு நட்டிலும் தேவைப்படுகிறது.

மரை தேய்ந்த நட்டையும் ஸ்டட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல நட்டு முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டிலேயே மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டரும் உண்டு, 1.5 மில்லிமீட்டரும் உண்டு; பார்வைக்கு வேறுபாடு தெரியாது. பொருந்தாததை வலிந்து ஏற்றினால் இரண்டுமே பாழாகும். ஒடிந்த ஸ்டட்டை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். ஒன்று ஒடிந்திருந்தால் அதன் பாரத்தை அண்டை ஸ்டட்டுகள் சுமந்திருக்கும். இரண்டு ஒடிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் அனைத்தையும் மாற்றுவதே பாதுகாப்பு. முடுக்கும்போது எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

நம் தெருக்களில் கார் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நள்ளிரவில் பிரசவத்திற்கும், ஜனாஸாவிற்கும், நாகூருக்கும் இரவலாகச் செல்கிறது. ஆகவே அதன் சக்கரம் அமானத்தாகும். அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரென்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டாரும் வாங்க வேண்டியதில்லை. நிக்காஹ் விருந்துக்குரிய தேக்சாவையும் நாற்காலியையும் பள்ளிவாசலில் பொதுவாக வைத்திருக்கும் நாம், அதனோடு ஒரு டார்க் ரென்ச்சையும் வைத்தால் என்ன? அற்பமான புழங்கு பொருளைக்கூடப் பிறருக்குக் கொடாதவர்களை அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. வாளி, கோடரி, சட்டி போன்றவற்றை முஃபஸ்ஸிர்கள் அதற்கு உதாரணமாகக் காட்டியுள்ளனர். நம் காலத்தின் மாஊனில் இதுவும் ஒன்றாகட்டும்.

அடுத்த பயணத்திற்கு முன், துஆ ஓதப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதற்குச் சற்று முன்பாக, ஸ்பேனரை அவர்கள் கையில் கொடுத்து நான்கு சக்கரங்களையும் பார்க்கச் செய்யுங்கள். பிறகு துஆ ஓதுங்கள். கட்டிய பின்னர் நம்பிக்கை வைப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.