மாடியில் ஒரு கீரைப் பெட்டி

"கீரை விதைக்க மரப்பெட்டி எதற்கு? கொல்லையில் மண் இல்லையா?" என்று வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் நம்மைக் கேட்டார். திருவொற்றியூர்வாசிகள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். இங்கே மண் இருக்கிறது; அதை நம்பத்தான் மனம் வருவதில்லை. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு ஏறத் தொடங்கியது 1960-களில். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷங்களாகப் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து, கழிமுகத்தோர வீடுகளின் சுவர்களில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. ஆகவே, வேறிடத்து மண்ணைக் கொணர்ந்து பெட்டியிலிட்டு உயரே வைப்பது நமக்கு அலங்காரமன்று.

ஆனால் விஷத்துக்குப் பயந்து பெட்டி செய்யப்போய், பெட்டியையே விஷமாகச் செய்துகொள்வாரும் உண்டு. துறைமுகத்தை அண்டியிருப்பதால் நமக்குப் பழைய மரம் மலிவு. ரயில் தண்டவாளக் கட்டை உறுதியானதுதான். அதில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் கீரைக்கு ஆகாது. பழைய படகுப் பலகையில் அடுக்கடுக்காய் ஏறிய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். எஞ்சுவது, கப்பல் சரக்கு ஏற்றி வரும் 'பேலட்' பலகை. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகையில் கோதுமைக் கதிர் வரைந்த முத்திரை ஒன்றிருக்கும். அருகில் எச், டி என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால், மரத்தின் உள்வயிரம்வரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிஷம் வைத்துப் பூச்சி நீக்கியது என்று பொருள். எம், பி என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது, அதை விட்டுவிடுக. முத்திரையற்றதையும், எச், டி இருந்தும் ஏதேனும் சிந்திக் கறைபட்டதையும் நாம் வாங்குவதில்லை. கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் ஒவ்வொரு பலகையாய்ப் புரட்டிப் பார்ப்பதே உத்தமம்.

நமது முதற்பெட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி ஆழம். கணக்கு வாத்தியார் என்று பெயர். கணக்குப் போட மறந்தோம்! 8 கன அடி ஈரமண் ஏறக்குறைய 350 கிலோ. வீட்டு மொட்டைமாடியோ சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்தை எண்ணிக் கட்டப்படுவது. போதாக்குறைக்குப் பெட்டியைத் தளத்தோடு ஒட்டி வைத்ததில், ஐப்பசி மழையில் அடிப்பலகை உளுத்துக் கூடத்துக் கூரையில் ஈரம் பூத்தது. வீட்டில் கேட்டுக்கொண்ட வசவுகளை இங்கே எழுத இடம் போதாது.

இரண்டாவது பெட்டி அரையடி ஆழந்தான். கீரைக்கு அது தாராளம். கீழே சுவர் உள்ள இடமாகப் பார்த்துச் செங்கல்மேல் நிறுத்தினோம். அடியில் துளைகள், உட்புறம் சாக்கு, வர்ணம் கிடையாது. கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடித்து உதிருமாதலால் துத்தநாகம் பூசிய திருகாணியே முடுக்கினோம். செங்குன்றத்துச் செம்மண், மக்கிய சாணம், மக்கவைத்த தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்தோம். நார்க்கழிவு மிகுந்தால் பாரம் குறையும். காசிமேட்டில் கிடைக்கும் மீன் கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து மூன்று வாரம் மூடி வைத்தால் நல்ல உரம்; லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். இலைமேல் விழும் புகைத்தூசிக்கு மட்டும் பெட்டியிடம் மருந்தில்லை. மூன்று தரம் அலசித்தான் சமைக்கிறோம்.

முப்பதாம் நாள் அரைக்கீரை கிள்ளி மசித்தோம். இதே வீட்டுக் கொல்லையில் ஒரு காலத்தில் அவரையும் கத்திரியும் காய்க்கக் கண்ட நமது தாயார் ஒரு கவளம் உண்டுவிட்டு, "மண் எந்த ஊருடையது?" என்று கேட்டார்கள். சொன்னோம்.

"அப்படியானால் இது செங்குன்றத்துக் கீரை, அப்பா. நம் வீட்டுக் கீரை என்று சொல்லாதே."

விடியற்காலையில் மாடியேறிப் பெட்டிக்குத் தண்ணீர் விடுவது இப்போது அவர்கள்தாம்.