மணலியின் தென்வானம்

சித்திரை மாத முன்னிரவில், காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடி ஏறி நின்று தெற்கே நோக்கினால், எங்கள் மணலியில் முதலில் கண்ணில் படுவது ஆலைச் சுடரும் அது சிவக்க அடிக்கும் புகையுமே. அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 17 பாகையில், 7,500 ஒளியாண்டு தொலைவில், தானே கக்கிய வாயுவையும் தூசியையும் போர்த்திக்கொண்டு ஈட்டா கரினே என்னும் மகா நக்ஷத்திரம் நிற்பது யார் கண்ணுக்குத் தெரிகிறது? 1843-இல் அது சீறிப் பிரகாசித்து, சிரியஸுக்கு அடுத்த ஸ்தானத்தைப் பிடித்தது. மறு ஆண்டே, இதே சென்னையின் வானாய்வுக்கூடத்து டெய்லர் 11,000 நக்ஷத்திரங்களுக்கு மேல் அடங்கிய தம் அட்டவணையை வெளியிட்டார். அந்த வானத்தை மீண்டும் காண்பதற்காக ஆலையை அணைக்கச் சொல்லவில்லை, அதில் பலருக்குச் சோறு இருக்கிறது. ஆனால் வானத்தை நோக்கி வெளிச்சத்தை வாரியிறைக்கும் தெருவிளக்குகளுக்கும் கிடங்கு விளக்குகளுக்கும் தலைக்கு மேல் ஒரு தகர மூடி போடுவதற்கு என்ன கேடு?